ஊரறிந்த மர்மம்: தமிழ்த் துப்பறியும் கதைகளும் நம் சாட்சிகளும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் தன்வரலாறு, கவிதை, அழகியல் என்று ஏதாவது பேசுவோம் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த ஆண்டு துப்பறியும் சிறுகதைகளைப் பற்றிப் பேசலாம் என்று எங்கள் மன்றக் கூட்டத்தில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களிடம் ஒன்று கேட்டோம்: நம் வளவுகளுக்குள் முதலில் வந்த அச்சடித்த கதை எது? பேருந்து நிலையக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்தானே? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டியவர்களும், நாமக்கல் லாரியில் கிளீனராகப் போனவர்களும் அட்டை கிழிந்த அந்தப் புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். நம்மில் பலருக்குப் படிக்கும் பழக்கமே அப்படித்தான் வந்தது. அதனால் அந்தக் கதைகளை ஏளனமாகத் தள்ளிவிட நமக்கு மனம் இல்லை. அவை நமக்கு என்ன கொடுத்தன, நம்மை எங்கே நிறுத்தின என்று கணக்குப் பார்க்கத்தான் இந்த உரை.

துப்பறியும் கதைத் தொகுப்பின் அமைப்பு எளிது. ஒவ்வொரு கதையிலும் ஒரு புதுக் குற்றம். துப்பறிகிறவர் மட்டும் பழையவர். ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை வைத்து எழுதிய 56 சிறுகதைகளும் 4 நாவல்களும் இப்படித்தான். கதை முடியும், ஆள் தொடர்வார். அடுத்த கதையைத் திறக்கும்போது வாசகருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. என்ன நடந்தாலும் இவர் வருவார், கேள்வி கேட்பார், கடைசிப் பக்கத்தில் உண்மை வெளியே வரும். உண்மை வந்துவிட்டால் நீதி தானாக வந்துவிடும். இந்த நம்பிக்கையைத்தான் இன்று நாம் விசாரிக்கப் போகிறோம்.

தமிழில் இந்த வகை 100 ஆண்டுகளுக்கு முந்தையது. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் அந்தக் காலத்து வாசகர்களுக்கு வீட்டு மனிதர்போல. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தார்கள். வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ கதையை 1950இல் படமாக எடுத்தது நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் குற்றவாளியைப் பிடிப்பார். அதே நிறுவனம் ஜெய்சங்கரை வைத்து 1966இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று எடுத்தது. ஏற்காடு சாலையில் இன்று வளைவு மட்டும் நிற்கிறதே, அந்த வளைவுக்குப் பின்னால்தான் தமிழ்நாட்டின் துப்பறிவாளர்களில் பாதிப் பேர் நடந்தார்கள் என்று நாம் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பத்திரிகைப் பக்கம் வந்தால், 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி. இந்தப் பெயர்களைச் சொன்னாலே இந்த அரங்கில் பாதி முகம் மலர்கிறது.

இவர்களில் சாம்புவைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். சாம்பு வங்கிக் குமாஸ்தா. எல்லோரும் அசடு என்று நினைக்கிற மனிதர். அவர் செய்கிற அசட்டுக் காரியங்களே அதிர்ஷ்டவசமாகக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அவருடைய மேதைமையை வியப்பார். தேவனின் நகைச்சுவை அருமையானது, சந்தேகமில்லை. ஆனால் நாம் படிக்கும்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. இந்த அசடருக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கிறது. பெரிய மனிதர்கள் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அவரைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரரான ஒருவர் நம் வளவிலிருந்து போய் அதே வீட்டுத் திண்ணையில் நின்று அதே கேள்வியைக் கேட்டால் என்ன நடந்திருக்கும்? புத்தி இல்லாமலும் துப்பறியலாம் என்பதைச் சாம்பு காட்டிவிட்டார். கேள்வி கேட்கும் உரிமை இல்லாமல் துப்பறிய முடியாது.

திகம்பர சாமியார் பல வேடம் போடலாம். நம் பகுதியில் ஓர் ஊருக்குள் புது ஆள் நுழைந்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி யார் வீடு, மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். அதன்பிறகு எந்த வேடமும் நிற்காது.

சரி, அந்தக் கதைகளில் நாம் எங்கே இருக்கிறோம்? காலையில் பிணத்தை முதலில் பார்ப்பது யார் என்று கவனியுங்கள். பெருக்க வந்தவர், தோட்டக்காரர், பால் கொண்டுவந்தவர். ஒரு பத்தி அலறுவார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி” என்பார். முதல் சந்தேகம் அவர்மேல் விழும், இரண்டாம் அத்தியாயத்தில் விலகும், அதன்பிறகு அவரும் கதையிலிருந்து விலகிவிடுவார். பெரும்பாலும் அவருக்குப் பெயர்கூட இருக்காது.

சந்தேகம் முதலில் யார்மேல் விழுகிறது என்பது கதாசிரியர்களின் கற்பனை மட்டும் கிடையாது. துப்பறியும் நாவல் தமிழில் பெருகிய அதே ஆண்டுகளில்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே வந்தது. 1871இல் வட இந்தியாவுக்காகப் போட்ட சட்டம், 1911இன் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், யாருக்குப் பிறந்தார் என்று பார்த்துக் கைரேகை எடுத்தது அரசு. நாடு முழுவதும் அது நீக்கப்பட்டது 1952இல். சேலம் உப்புக் கொறவர், சேலம் மேல்நாடு கொறவர் என்று நம் மாவட்டத்தின் பெயரே ஒட்டிய பிரிவுகள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. கோவிந்தன் தடயம் தேடி அலைந்த காலத்தில், அரசாங்கம் தடயமே தேவையில்லை என்று சில சமூகங்களைப் பற்றி முடிவுகட்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். ஜி.கே. செஸ்டர்டன் எழுதிய ஃபாதர் பிரௌன் கதைகளின் முதல் தொகுப்பு 1911இல் வந்தது. அதில் ஒரு கதை. ஒருவருக்குக் கொலை மிரட்டல். அவருடைய கட்டடத்தின் வாசலை நான்கு பேர் காவல் காக்கிறார்கள். உள்ளே கொலை நடந்துவிடுகிறது. யாரும் உள்ளே போகவில்லை என்று நான்கு பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மையில் ஒருவர் அவர்கள் கண்ணெதிரே உள்ளே போய், உடலை மூட்டையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். அவர் தபால்காரர் உடையில் இருந்தார். தபால்காரரை யாரும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. நால்வரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அவர் வரவேயில்லை.

செஸ்டர்டனுக்கு இது ஒரு கதைக்கான புதிர். நமக்கு அன்றாடம். “அந்தப் பக்கம் யாருமே இல்லீங்க” என்று ஊர்க்காரர் சொல்கிற இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருப்பான். வரப்போரம் இரண்டு பெண்கள் புல் அறுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. செஸ்டர்டன் கதையில் கண்ணுக்குத் தெரியாதவர் கொலைகாரர். நம் பகுதியில் கண்ணுக்குத் தெரியாதவர் சாட்சி.

இனி நம் மண்ணின் வழக்குக்கு வருவோம். 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி, தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். உடன் படித்த, வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. தற்கொலை என்று தோன்றும்படி எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. கடிதம் எழுதவைக்கப்பட்டிருந்தார், பேசவைத்துக் காணொளியும் எடுக்கப்பட்டிருந்தது.

துப்பறியும் கதையின் இலக்கணப்படி பார்த்தால் எல்லாம் இருக்கிறது: உடல், போலிக் கடிதம், மலைக்கோயில், கடைசியாகப் பார்த்தவர்கள். ஒன்று மட்டும் இல்லை. மர்மம் இல்லை. ஒரு சாதி அமைப்பின் நிறுவனர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. தலைமறைவாக இருந்தபடியே அவர் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். யார் மீது சந்தேகம் என்று தமிழ்நாட்டில் பெட்டிக்கடை வரை தெரியும். கேள்வி வேறாக இருந்தது: நீதிமன்றத்தில் ஏறி நின்று அதை யார் சொல்வது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆம் விதி, இத்தகைய வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது. அதாவது சட்டமே நமக்கு ஒரு துப்பறிவாளரை நியமிக்கிறது. திருச்செங்கோட்டில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் விஷ்ணுபிரியா, தலித் சமூகத்திலிருந்து வந்த இளம் அதிகாரி. 2015 செப்டம்பர் 18 அன்று அவர் தம் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அந்த மரணத்தின் விசாரணை பின்னர் சி.பி.ஐ.க்குப் போனது. துப்பறியும் தொடர்கதையில் துப்பறிகிறவர் சாவதில்லை. ஹோம்ஸைக் கொன்ற கோனன் டாயில்கூட வாசகர்களுக்காக அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். நம் கதையில் திரும்பி வர யாரும் இல்லை.

பிறகும் வழக்கு நடந்தது. தாயின் மனுவால் விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. அரசுத் தரப்பில் சிறப்பு வழக்கறிஞராக ப.பா. மோகன் நின்றார். முக்கியமான சாட்சிகள் பிறழ்ந்தார்கள். பிறழாமல் நின்றது கோயில் கேமரா. அதற்குத் தோட்டம் இல்லை, வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, கல்யாணம் ஆகவேண்டிய தங்கை இல்லை. 2022 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் அந்தக் கோயிலுக்கே நேரில் வந்து கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் 2 அன்று 10 பேரும் குற்றவாளிகளே என்று உறுதிசெய்தார்கள். உடல் கிடைத்ததிலிருந்து ஏறத்தாழ 8 ஆண்டுகள்.

இதில் ஒரு காட்சியை நாம் மறக்கக்கூடாது. அந்தத் தோழி உயர் நீதிமன்றத்தில் மீண்டும் விசாரிக்கப்பட்டபோது கேமராப் பதிவைக் காட்டினார்கள். அதில் இருக்கும் பெண் தான் இல்லை என்றார். அந்தப் பெண்ணைத் திட்டுவது எளிது. நம் தோழர்களே திட்டியிருக்கிறார்கள். தன் உருவத்தையே தன்னுடையது இல்லை என்று ஒருவரைச் சொல்லவைப்பது எது என்று கேட்பதுதான் கடினமான வேலை. துப்பறிய வேண்டிய இடம் அது. கொலைகாரர் யார் என்பதைவிட, ஒரு வாயை மூடியது யார், எந்த வழியில், எந்தச் சொந்தக்காரர் மூலம், எந்த இரவில் என்பதுதான் இந்தச் சமவெளியின் உண்மையான மர்மம்.

இதை எழுதும் துப்பறியும் கதை நம்மிடம் இன்னும் வரவில்லை. வந்திருக்கிற தலித் இலக்கியம் நடந்த கொடுமையைச் சொல்லியிருக்கிறது, வலியைச் சொல்லியிருக்கிறது. நடந்ததை நிரூபிக்கப் பட்ட பாட்டை, படிப்படியாக, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வரும் கதைகளாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் 1932 முதல் எழுதிய ப்யோம்கேஷ் பக்‌ஷி தன்னைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். சத்யான்வேஷி, உண்மையைத் தேடுபவர் என்பார். இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? உண்மை அறியும் குழு. ஒரு சம்பவம் நடந்தால் மூன்று நான்கு பேர் பேருந்து ஏறிப் போய், வளவில் உட்கார்ந்து, ஊரிலும் காவல் நிலையத்திலும் கேட்டு, எழுதிக்கொண்டு வருகிறார்களே, அவர்கள்தான் நம் தொடர் பாத்திரங்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு ஆசிரியர், ஒரு சங்கத் தோழர், நோட்டு எடுக்க ஒரு மாணவி.

அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளர்கள் இதை முன்பே செய்திருக்கிறார்கள். ருடால்ஃப் ஃபிஷர் 1932இலேயே ஹார்லெம் பகுதியில் கறுப்பினத் துப்பறிவாளரைக் கொண்டுவந்தார். பார்பரா நீலி 1992இல் தொடங்கிய வரிசையில் துப்பறிகிறவர் பிளான்ச் என்ற வீட்டுவேலை செய்யும் பெண். வீட்டுக்காரர்கள் அவர் எதிரில் எல்லாவற்றையும் பேசுவார்கள், ஏனென்றால் அவர் அங்கே இருப்பதாகவே அவர்கள் நினைப்பதில்லை. செஸ்டர்டனின் தபால்காரரை எடுத்து, பார்க்கப்படாதவரையே பார்ப்பவராக மாற்றிவிட்டார் நீலி. இது நாம் கற்க வேண்டிய பாடம்.

நம்மிடம் இருக்கும் தடயங்கள் வேறு யாரிடமும் இல்லை. ஓர் உதாரணம். பண்ணையத்துக் கிணற்றில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று வையுங்கள். கிணற்றுப் படியில் அவருடைய செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்தார் என்று எழுதிவிடலாம். வளவிலிருந்து போன கிழவி ஒருவர் பார்த்த உடனே சொல்வார்: இந்தத் தோட்டத்துக்குள் அவன் ஒருநாளும் செருப்புப் போட்டு நடந்ததில்லை, வண்டித்தடத்துப் புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டுத்தான் வருவான், அப்படியானால் செருப்பை இங்கே கொண்டுவந்து வைத்தது யார்? ஹோம்ஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இந்தத் தடயம் தெரியாது. சாதி எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். டீக்கடையும் அப்படித்தான். இறந்தவர் கடைசியாகக் குடித்தது எந்த டம்ளரில் என்று தெரிந்தால், யார் வீட்டில் குடித்தார் என்பதும் தெரிந்துவிடும்.

எழுத வருகிற மாணவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். உண்மையில் இறந்தவர்களின் பெயரையும் அவர்கள் குடும்பத்தின் துயரத்தையும் கதையின் விறுவிறுப்புக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உடலை வர்ணிப்பதில் பக்கத்தைச் செலவழிக்காதீர்கள். அதைச் செய்யச் செய்தித்தாள்கள் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் நல்ல அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவு சேர்ந்ததே ஒரு கதையின் முடிவாக இருக்கலாம். சாட்சிகளுக்குப் பயணப்படியும் தினப்படியும் தரவேண்டும் என்று 11ஆம் விதி சொல்கிறது. ஒரு நாள் தறிக்கூலியை இழந்து மதுரைக்குப் போகும் சாட்சிக்கு அந்தப் படியை வாங்கிக் கொடுப்பதற்கு நடக்கிற நடையே ஒரு நல்ல துப்பறியும் கதை. அது கிடைக்காமல் சாட்சி வராமல் போனால் வழக்கு சாகும்.

ஊர் முழுவதையும் வில்லனாக்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் வளவுப் பக்கம் வந்து, “நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறவர் ஊரிலும் இருக்கிறார். அவருக்கு என்ன பயம் என்பதும் கதைதான்.

ஏன் நாவலாக எழுதாமல் சிறுகதைத் தொகுப்பாக எழுதச் சொல்கிறோம் என்று கேட்கலாம். நம் வழக்குகள் வாய்தா வாய்தாவாகத்தான் நடக்கின்றன. ஒவ்வொரு வாய்தாவிலும் ஒரு சின்னத் தோல்வி, அல்லது ஒரு சின்ன வெற்றி. நடுவில் வேறொரு ஊரில் வேறொரு சம்பவம். அதே நான்கு பேர் அங்கேயும் போகவேண்டும். ஒரு கதையில் வாய் திறக்காத சாட்சி நான்காவது கதையில் திறக்கலாம். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவது துப்பறியும் கதைக்கு ஒரு வசதி. நமக்கு அதுவே விஷயம்: யாராவது திரும்ப வருவார்கள் என்று சாட்சிக்குத் தெரிந்தால்தான் சாட்சி நிற்பார்.

ஆகவே எங்கள் மன்றம் இன்று ஒரு வேலையை உங்கள் முன் வைக்கிறது. உங்கள் பகுதியில் நடந்து முடிந்த, அல்லது நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கின் தாள்களை முதலில் முழுதாகப் படியுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வு அறிக்கை, தீர்ப்பு மூன்றையும் படியுங்கள். வழக்கறிஞர் தோழர்கள் புரியவைப்பார்கள். பிறகு எழுதுங்கள், பெயர்களை மாற்றி, இடங்களை மாற்றி, தடயங்களை மட்டும் மாற்றாமல். ஒருவர் ஒரு கதை போதும். வழக்கறிஞர், ஆசிரியர், சங்கத் தோழர், மாணவி, இந்த நால்வரும் எல்லோருடைய கதையிலும் வரட்டும். அடுத்த ஆண்டு இதே நாளில், இதே மேடையில், சொற்பொழிவுக்குப் பதிலாக அந்தக் கதைகளை வாசிப்போம்.